இழந்த காதலின் குரலும் தூரத்தின் சாதனங்களும்: அமெரிக்கக் கன்ட்ரிப் பாடல்கள் மூன்று பற்றிய ஒரு நோக்கு

1. பிரச்சினை

பிரிந்துபோன காதலரிடமிருந்து ஒரு செய்தி வருகின்றது. அல்லது வரவேண்டும் என ஒருவர் காத்திருக்கின்றார். அமெரிக்கக் கன்ட்ரிப் பாடல்களிலே திரும்பத் திரும்பப் பயின்றுவரும் பொருள்களுள் இதுவும் ஒன்று. இப்பொருளை விமர்சன ஆய்வுக்கு உரியதாகக் கொள்ளலாமா என்ற வினா முற்போக்கு வாசகரிடையே எழுதல் இயல்பே. இத்தகைய பாடல்களைப் பற்றி இரு நிலைப்பாடுகள் பொதுவாகக் காணப்படுகின்றன. ஒன்று, இவை ஏகாதிபத்திய நாடொன்றின் இசை வணிகம் உலகெங்கும் கொட்டும் மலிவான கண்ணீர் எனக் கொண்டு ஆராயாமலே ஒதுக்குவது. மற்றையது, இவற்றைக் கேட்போரும் பாடுவோரும் பெரும்பாலும் உழைக்கும் மக்கள் என்ற ஒரே காரணத்தால் இவற்றை மக்கள் கலை எனப் போற்றுவது.

இவ்விரு நிலைப்பாடுகளும் வெளிப்பார்வைக்கு முரண்பட்டவையாயினும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே பாடலைக் கேட்பதில்லை. முன்னையது பாடல் எங்கே விற்கப்படுகின்றது என்பதோடு நின்றுவிடுகின்றது. பின்னையது யார் வாங்குகின்றனர் என்பதோடு நின்றுவிடுகின்றது. பாடலின் உள்ளே நிகழ்வது என்ன, அதன் துயரம் எதனால் ஆனது, அத்துயரத்தின் சமூகக் காரணம் பாடலில் எங்கே வெளிப்படுகின்றது, எங்கே மறைக்கப்படுகின்றது என்பன போன்ற வினாக்களுக்கு இரண்டிலும் இடமில்லை. 1844இல் மார்க்ஸ் சமயத்தைப் பற்றி எழுதியபோது, அது மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அதேவேளை அத்துன்பத்துக்கு எதிரான மறுப்பாகவும் அமைகின்றது எனக் கண்டார். மயக்கம் தருவது என்பது அவரது கூற்றின் ஒரு பாதி மாத்திரமே. அந்த இருமை நோக்கினை வெகுசனப் பாடலுக்கும் பிரயோகித்துப் பார்த்தல் பயனுடையது என்பது எமது கருத்தாகும்.

இக்கட்டுரையில் 1953, 1960, 1968 ஆகிய ஆண்டுகளில் பெருவெற்றி பெற்ற மூன்று பாடல்களை எடுத்துக்கொள்கின்றோம். முதலாவதில் இழந்த காதலின் செய்தி கடிதமாக வருகின்றது. இரண்டாவதில் தொலைபேசியில் வருகின்றது. மூன்றாவதில் கம்பியின் இரைச்சலாக மாத்திரம் கேட்கின்றது. இப்பாடல்களிலே காதலைப் போன்றே முக்கியமானது, காதலைக் கொண்டுவரும் சாதனமாகும். அச்சாதனத்தைப் பின்தொடர்ந்து செல்லும்போது, பாடல் சொல்லாது விட்ட வரலாறு நமக்குப் புலப்படத் தொடங்குகின்றது.

2. நாட்டார் மரபும் பண்டமும்

கன்ட்ரிப் பாடல் என்பதை நாட்டார் பாடல் எனத் தமிழாக்குவது தவறான விளக்கத்துக்கு இடந்தரும். அதன் வேர்கள் அமெரிக்கத் தென்பகுதியின் கிராமிய இசையில் உள்ளன என்பது உண்மையே. ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியோரின் கதைப்பாடல்களும், கறுப்பின மக்களின் புளூஸ் இசையும், ஆபிரிக்க மூலத்தையுடைய பாஞ்சோ வாத்தியமும், தேவாலயப் பாடல்களும் அதில் ஒன்றுகலந்துள்ளன. ஆயின் நாம் இன்று அறியும் வடிவத்தில் அது இசைத்தட்டு, வானொலி ஆகியவற்றின் குழந்தையாகும்.

1927ஆம் ஆண்டு கோடையில் விக்டர் நிறுவனத்துக்காக ரால்ப் பியர் என்பவர் ரெனசி, வேர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிறிஸ்டல் நகரில் ஒலிப்பதிவுகளை நடத்தினார். கார்ட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி றொட்ஜர்சும் அங்கேதான் அந்நிறுவனத்துக்காக முதன்முதலிற் பாடினர். றொட்ஜர்ஸ் புகையிரதப் பகுதியில் வேலை செய்தவர். பியரின் வருவாய் பாடல்களின் பதிப்புரிமையிலே தங்கியிருந்தது. பொதுச் சொத்தாய் வாய்மொழியில் வழங்கிய இசை தனிச்சொத்தாகப் பதிவு பெற்ற இடமாக பிறிஸ்டலைக் கொள்ளலாம். 1925இல் நாஷ்வில் நகரில் தொடங்கி, பின்னர் ‘கிராண்ட் ஓல் ஒப்றி’ எனப் பெயர்பெற்ற வானொலி நிகழ்ச்சியை நடத்தியது ஓர் ஆயுட்காப்புறுதி நிறுவனம் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கிராமிய மக்களின் துயரப் பாடல்களும் அவர்களின் சாவுக்கான காப்புறுதியும் ஒரே நிறுவனத்தின் வழியாக அவர்களைச் சென்றடைந்தன.

இசைத்தட்டு நிறுவனங்கள் இதே இசையை நிறத்தால் இரண்டாகப் பிரித்தும் விற்றன. கறுப்பினப் பாடகரின் தட்டுகள் ஒரு பட்டியலிலும் வெள்ளையினப் பாடகரின் தட்டுகள் வேறொரு பட்டியலிலும் இடம்பெற்றன. கன்ட்ரி இசை வெள்ளையருக்கே உரியது என்ற எண்ணம் மரபிலிருந்து வந்ததன்று. அது சந்தையின் ஆக்கமாகும்.

இவ்விசையைக் கேட்டோரின் வாழ்நிலையும் இக்காலத்தில் அடியோடு மாறிக்கொண்டிருந்தது. 1933ஆம் ஆண்டின் விவசாயச் சீராக்கச் சட்டம் பருத்திப் பயிர்ப் பரப்பைக் குறைப்பதற்கு நிலவுடைமையாளருக்குப் பணம் வழங்கியது. குறைக்கப்பட்ட நிலத்தோடு குத்தகைக் குடிகளும் வெளியேற்றப்பட்டனர். உழவு இயந்திரமும் பின்னர் பருத்தி பறிக்கும் இயந்திரமும் எஞ்சியோரை வெளியேற்றின. 1940இல் ஏறத்தாழ 3 கோடியாக இருந்த அமெரிக்கப் பண்ணைக் குடித்தொகை 1970இல் 1 கோடிக்கும் குறைந்தது. கலிபோர்னியாவின் எண்ணெய்க் கிணறுகளுக்கும் பழத்தோட்டங்களுக்கும், டிற்றோயிற், சிக்காகோ ஆகிய நகரங்களின் தொழிற்சாலைகளுக்கும், கடல் கடந்த போர்முனைகளுக்கும் சென்றவர்கள் இவர்களே. ஒரு தலைமுறைக் காலத்தினுள் இத்தனை பேர் ஊரைப் பிரிந்த சமூகத்தில், தூரத்திலிருந்து வரும் செய்தி ஒரு தலையாய பாடற்பொருள் ஆனதில் வியப்பில்லை. நமது அகமரபு பொருள்வயிற் பிரிவு என வகுத்த பிரிவு இங்கு ஒரு வர்க்கத்தின் பொதுநிலையாயிற்று. ஆயின், பொருள் தேடச் சென்ற தலைவன் மீள்வான் என்ற உறுதி இங்கு இல்லை.

3. கடிதம்: 1953

‘எ டியர் ஜோன் லெற்றர்’ என்ற பாடல் ஜீன் ஷெப்பேர்ட், பேர்லின் ஹஸ்கி ஆகிய இருவராலும் 1953இல் கப்பிற்றல் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்யப்பட்டு, கன்ட்ரிப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது. கடல் கடந்த போர்முனையிலுள்ள படைவீரன் ஒருவனிடம் தபாற்காரன் கடிதமொன்றைத் தருகின்றான். சண்டை முடிந்துவிட்டது, வீரன் மகிழ்ச்சியோடு கடிதத்தைப் பிரிக்கின்றான். தன் காதல் அற்றுவிட்டது எனவும், வேறொருவரை மணக்கவிருப்பதாகவும் காதலி அதில் எழுதியிருக்கின்றாள். மணமகன் வேறு யாருமல்லன். வீரனின் சொந்தச் சகோதரனே. தன் புகைப்படத்தைத் திருப்பி அனுப்பும்படியும் அவள் கேட்கின்றாள். கணவன் அதனை விரும்புகின்றானாம்.

பாடலின் வடிவம் முதலிலே நோக்கத்தக்கது. பெண் பாடுகின்றாள், ஆண் பேசுகின்றான். கடிதத்தின் சொற்களுக்கு இசை உண்டு, அதனைப் பெற்றவனின் சொற்களுக்கு இசை இல்லை. தூரத்திலிருந்து வரும் சொல் முழுமை பெற்றதாக, பதிலுக்கு இடந்தராததாக ஒலிக்கின்றது. கேட்பவனோ தனக்கு நேர்ந்ததை வெறும் பேச்சில் அறிவிக்க மட்டுமே வல்லவனாகின்றான். இவ்வமைப்பு கடிதம் என்ற சாதனத்தின் இயல்பைத் துல்லியமாகப் பிரதிபலிக்கின்றது. கடிதம் வந்து சேரும்போது அதிற் கூறப்பட்ட நிகழ்ச்சி ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

அடுத்து, பாடல் கூறாது விடுவது எது என்பதைக் கவனிக்கவேண்டும். எந்தப் போர், எதற்காக, யார் அவனை அங்கே அனுப்பினர் என்பன பற்றிப் பாடல் மௌனம் சாதிக்கின்றது. இசைத்தட்டு விற்பனையான காலமோ கொரியப் போரின் இறுதிக் கட்டம். போர்நிறுத்த உடன்படிக்கை 1953 யூலை 27இல் கைச்சாத்தானது. அப்போரின்போது கட்டாயப் படைச்சேவைக்காக ஏறத்தாழ 15 இலட்சம் அமெரிக்க இளைஞர் சேர்க்கப்பட்டனர். 1951 முதல், கல்லூரியிற் படித்துத் தேர்வில் நல்ல புள்ளி பெற்றோர் தமது அழைப்பை ஒத்திவைக்கும் வாய்ப்பைப் பெற்றிருந்தனர். பண்ணையிலும் தொழிற்சாலையிலும் இருந்த இளைஞனுக்குப் பெரும்பாலும் அவ்வாய்ப்புக் கிடைக்கவில்லை. எனவே ஜோனை அவன் காதலியிடமிருந்து முதலிற் பிரித்தது சகோதரன் அல்லன், அரசு. பாடலின் கதையமைப்போ இந்த உண்மையை இடம் மாற்றி வைக்கின்றது. அரசு நின்ற இடத்திலே சகோதரனை நிறுத்துகின்றது. ஒரே வீட்டில் ஒருவன் போருக்குப் போக மற்றவன் தங்கிவிட்டான் என்ற சமூக உண்மை, ஒருவன் மற்றவனுக்கு இழைத்த துரோகமாக மாற்றப்படுகின்றது. இதுவே கருத்துநிலையின் தொழிற்பாடு. அது துன்பத்தை மறைப்பதில்லை. துன்பத்துக்குப் பொறுப்பானவரையே மாற்றிக் காட்டுகின்றது.

எனினும் பாடல் முற்றாக மௌனமாகிவிடவில்லை. காதலியின் பிரிவுக்குரிய இக்கடிதப் பெயரையே இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கப் படைவீரர்தாம் தமக்குள் வழங்கினர். ஒருவனுக்கு வரும் கடிதத்துக்குப் பொதுப்பெயர் ஒன்று ஏற்பட்டுவிட்டது எனின், அத்துன்பம் ஒருவனுடையதன்று என்பது வெளிப்படை. தனிமனித விதியாகப் பாடல் எடுத்துரைப்பதைப் பாடலின் தலைப்பே பன்மையாக்கி விடுகின்றது. பெயரில் வரலாறும் கதையில் விதியும் இடம்பெற்றுள்ளன. இம்முரண்பாட்டை விமர்சகன் கவனியாது விடுதல் கூடாது.

பாடலைப் பாடிய ஷெப்பேர்ட், ஓக்லஹோமாவில் பிறந்து, வேலை தேடிப் பெயர்ந்த குடும்பங்களோடு கலிபோர்னியாவில் வளர்ந்தவர். பாடியபோது அவருக்கு வயது 19. சட்டப்படி வயது வராதவராதலால், மாநில எல்லை தாண்டி நிகழ்ச்சிகளுக்குச் செல்லும்பொருட்டு ஹஸ்கி அவருக்குச் சட்டபூர்வப் பாதுகாவலர் ஆக்கப்பட்டார். காதலனைக் கைவிடும் உரிமையைப் பாடலிலே பெற்ற குரல், தன் பயண உரிமையை ஓர் ஆணின் கையொப்பத்தின் வழியாகவே பெறவேண்டியிருந்தது.

4. தொலைபேசி: 1960

ஜோ அலிசனும் அவர் மனைவி ஓட்றி அலிசனும் இயற்றி, ஜிம் றீவ்ஸ் 1959 ஒக்டோபரில் நாஷ்விலில் ஒலிப்பதிவு செய்த ‘ஹீல் ஹாவ் டு கோ’ 1960இல் கன்ட்ரிப் பாடல் வரிசையில் 14 வாரங்கள் முதலிடத்திலும், பொதுப் பாடல் வரிசையில் இரண்டாம் இடத்திலும் இருந்தது. மதுச்சாலையிலிருந்து ஒருவன் தன் காதலியைத் தொலைபேசியில் அழைக்கின்றான். அவளருகே வேறொருவன் இருக்கின்றான் என்பதை அறிந்தே பேசுகின்றான். தொலைபேசியை நெருங்கிப் பேசும்படியும், தாம் இருவரும் தனித்திருப்பதாகப் பாவனை செய்யும்படியும் வேண்டுகின்றான். தான் இருக்கும் இடத்தில் ஒலிக்கும் ஜூக்பொக்ஸ் என்ற, காசு போட்டால் பாடும் இசைத்தட்டுப் பெட்டியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதாகக் கூறுகின்றான். அருகிலிருப்பவனைப் போகச் சொல்லும்படி அவளைக் கேட்கின்றான். அவள் மனம் திறந்து பேசவியலாத நிலையில் இருப்பதால் ஆம் அல்லது இல்லை என்ற ஒரு சொல்லையாவது எதிர்பார்க்கின்றான்.

கடிதத்தில் பெண் முழுமையாகப் பேசினாள். தொலைபேசி இருவரும் ஒரே நேரத்திற் பேசுவதற்கான சாதனம். ஆயின் அதைப் பற்றிய இப்பாடலிலே பெண்ணின் குரல் கேட்பதில்லை. அவளுக்கு அனுமதிக்கப்பட்ட மொழி ஒற்றைச் சொல்லாகக் குறுகிவிட்டது. அச்சொல் எது என்பதையும் பாடல் நமக்குத் தெரிவிப்பதில்லை. தொழில்நுட்பம் முன்னேறியபோது உரையாடல் சுருங்கியது என்ற இந்த நிலை தற்செயலானதன்று. தொழில்நுட்பம் தூரத்தை ஒழித்தது. தூரத்தை உண்டாக்கிய உறவுகளையோ அது தொடவில்லை. ஆணின் ஆசைக்கும் பெண்ணின் மௌனத்துக்கும் இடையிலுள்ள உறவு அவ்வாறே இருந்தது.

இசையமைப்பையும் இவ்விடத்தில் நோக்குதல் வேண்டும். தயாரிப்பாளர் செட் அற்கின்ஸ் வயலினையும் ஸ்ரீல் கித்தாரையும் தவிர்த்து, மென்மையான பியானோ, பின்னணிக் குரல்கள் ஆகியவற்றைப் பயன்படுத்தினார். நாஷ்வில் ஒலி எனப்பட்ட இம்முறை, கிராமிய அடையாளத்தைத் தளர்த்தி நகரச் சந்தையைப் பெறும் நோக்குடையது. றீவ்ஸ் ஒலிவாங்கியை உதடு தொடும் அளவுக்கு நெருங்கித் தாழ்ந்த குரலிற் பாடினார். பாடலிலே காதலியிடம் கேட்கப்படுவதைப் பாடகரே செய்து காட்டுகின்றார். அதனால் கேட்பவர் ஒவ்வொருவரும் தொலைபேசியின் மறுமுனையிலுள்ள அப்பெண்ணின் இடத்தில் இருத்தப்படுகின்றார். இந்த அந்தரங்கமே இலட்சக்கணக்கிற் பிரதி செய்து விற்கப்பட்ட பண்டமாகும். இன்னொரு நுட்பமும் உண்டு. இப்பாடல் ஜூக்பொக்ஸ்களிலே பெருமளவில் ஒலித்தது. காசைப் பெற்றுக்கொண்டு ஜூக்பொக்ஸ் பாடிய பாடல், ஜூக்பொக்ஸின் ஓசையைக் குறைக்கும்படி வேண்டியது. பண்ட உலகின் இரைச்சலிலிருந்து விடுபடும் விருப்பத்தையே பண்டமாக்கி விற்கவல்லது முதலாளித்துவம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1941இல் எழுதிய கட்டுரையொன்றில் அடோர்னோ, வெகுசன இசை ஒரே அச்சில் வார்க்கப்பட்டது எனவும், கேட்பவரின் எதிர்வினை முன்கூட்டியே அதில் வகுக்கப்பட்டுள்ளது எனவும் வாதிட்டார். மேற்கூறியவை அவர் பக்கத்துக்கு வலுச் சேர்ப்பன. ஆனால் அதே 1960இல் நடந்த இன்னொன்று அவ்வாதத்தின் எல்லையைக் காட்டுகின்றது. ஜீன் பிளாக் என்ற பாடகி ‘ஹீல் ஹாவ் டு ஸ்ரே’ என்ற மறுமொழிப் பாடலை வெளியிட்டார். அதே மெட்டில் மறுமுனைப் பெண் வாய் திறந்தாள். அவன் தன்னைப் பலமுறை புறக்கணித்ததையும், தான் காத்திருந்து சலித்ததையும், இப்போது அருகிலிருப்பவனே இனித் தன்னோடு இருப்பான் என்பதையும் அறிவித்தாள். ஆண் தணிக்க விரும்பிய ஜூக்பொக்ஸின் ஓசையே, அவன் எங்கே யாரோடு இருக்கின்றான் என்பதற்கான சாட்சியாக அவள் காதில் விழுந்தது.

மறுமொழிப் பாடல்கள் இலாபத்துக்காக வெளியிடப்பட்டவை என்பதில் ஐயமில்லை. வெற்றி பெற்ற மெட்டை இரண்டாம் முறை விற்பதே நிறுவனங்களின் நோக்கம். 1952இல் கிற்றி வெல்ஸ் பாடிய மறுமொழிப் பாடலொன்றும், ஆண் பாடிய குற்றச்சாட்டை ஆணின் மீதே திருப்பி, கன்ட்ரி வரிசையில் முதலிடம் பெற்றிருந்தது. ஆயின் சந்தை திறந்த கதவின் வழியே சந்தை எண்ணியிராத ஒன்றும் உள்ளே வருகின்றது. மௌனமாக்கப்பட்டவர் தரப்பை அறியும் வேட்கை கேட்போரிடம் இருந்திராவிடின் மறுமொழிப் பாடல்கள் விலைபோயிரா. அவ்வேட்கையைச் சந்தை படைக்கவில்லை; கண்டுபிடித்துப் பயன்படுத்தியது.

றீவ்ஸின் குரல் இலங்கையிலும் நன்கு பழக்கமானது. 1964இல் விமான விபத்தில் அவர் இறந்த பின்னரும் பல தசாப்தங்களாக அவரது பாடல்கள் இங்கு வானொலியிலும் வைபவங்களிலும் ஒலித்தன. ஆங்கிலம் அறிந்த நகர்ப்புற மத்தியதர வர்க்கத்தினர் இதனைத் தமது பண்பாட்டுத் தகுதியின் அடையாளமாகக் கொண்டதுண்டு. அமெரிக்காவில் கிராமியச் சாயலைக் களைந்து மேல்நோக்கிச் சென்ற இசை, இங்கு வந்து சேரும்போது உயர்ந்தோர் இசையாகியது. ரெக்சாஸ் மாநிலக் கிராமமொன்றின் எளிய குடும்பத்திற் பிறந்தவரின் குரல் இங்கே கனவான் குரலாகக் கேட்கப்பட்டது. பாடலின் வர்க்கப் பொருள் பாடலினுள்ளே உறைந்து கிடப்பதில்லை. கேட்கப்படும் சமூக நிலைமையோடு அது மாறுகின்றது என்பதற்கு இது நமக்கு அண்மையிலுள்ள எடுத்துக்காட்டாகும்.

5. கம்பி: 1968

ஜிம்மி வெப் இயற்றி கிளென் காம்பெல் பாடிய ‘விச்சிற்றா லைன்மன்’ 1968இல் வெளிவந்தது. ஓக்லஹோமாவின் கிராமப்புற வீதியிலே தொலைபேசிக் கம்பங்களின் நெடிய வரிசையையும், கம்பமொன்றின் உச்சியில் தனித்து வேலை செய்த ஒருவரையும் கண்ட நினைவிலிருந்து வெப் இதனை ஆக்கினார். பாடிய காம்பெல் ஆர்கன்சோ மாநிலத்தில் குத்தகை விவசாயி ஒருவரின் 12 பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தவர்.

இப்பாடலிலே செய்தி வருவதில்லை. நெடுஞ்சாலை வழியே பழுது தேடிச் செல்லும் கம்பித் தொழிலாளி, கம்பியின் இரைச்சலில் அவளது பாட்டைக் கேட்கின்றான். அவள் மனைவியா, பிரிந்துபோன காதலியா, வீட்டிற் காத்திருப்பவளா என்பது சொல்லப்படவில்லை. அவளுடைய சொல் எதுவும் நமக்குக் கிட்டுவதில்லை. 1953இல் முழுக் கடிதமாக இருந்த பெண்ணின் குரல், 1960இல் கேளாத ஒற்றைச் சொல்லாகி, 1968இல் கம்பியின் ஓசையாகத் தேய்ந்துவிட்டது.

ஆனால் பெண்ணின் குரல் தேய்ந்த அளவுக்கு இன்னோர் உருவம் மேலெழுந்துள்ளது. கடிதத்தைச் சுமந்த தபாற்காரன் முதற்பாடலிலே ஒரு கணம் தோன்றி மறைந்தான். இரண்டாவதில் தொலைபேசிக்குப் பின்னாலுள்ள உழைப்பு முற்றாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாவதிலோ சாதனத்தைப் பேணும் தொழிலாளியே பாடலின் நாயகன். பிறர் காதல் பேசுவதற்கான கம்பியை இவன் காக்கின்றான். தன் காதலை அதிற் பேச இவனால் இயலவில்லை. தன் உழைப்பின் விளைவு தனக்கு எதிரே அந்நியப் பொருளாக நிற்கும் நிலையை, அந்நியமாதல் என்ற சொல்லையே அறியாத ஒரு பாடல் இத்துணைத் திட்பமாகக் காட்டியிருப்பது குறிப்பிடத்தக்கது.

ஓய்வு பற்றிய பகுதி இன்னும் கூர்மையானது. அவனுக்குச் சிறிது விடுமுறை வேண்டும். ஆயின் அதனைத் தீர்மானிப்பது அவனது உடலன்று. வானிலையும் கம்பியின் தாங்குதிறனுமே. பனி பெய்தால் கம்பி தாங்குமா என்ற கவலை அவன் ஓய்வுக்கு முன்னே நிற்கின்றது. கம்பியின் இழுவிசையும் அவன் உள்ளத்தின் இழுவிசையும் ஒன்றாகிவிடுகின்றன. மனிதன் கருவியைப் பேணுகின்றானா, கருவி மனிதனை ஆள்கின்றதா என்ற வினா இங்கு தத்துவமாகவன்றி வேலைநாள் அனுபவமாக எழுகின்றது. உயர்ந்த சுருதியில் நீளும் நரம்பிசை கம்பியின் ஓசையாகவும் அவளது குரலாகவும் ஒருங்கே ஒலித்து இவ்வினாவுக்கு விடைதராது விடுகின்றது. பாடல் தீர்வின்றித் தொங்கி நிற்பதே அதன் நேர்மை.

6. மறைந்திருக்கும் மூன்றாம் தரப்பு

மூன்று பாடல்களிலும் ஆண், பெண் ஆகிய இருவரும், இரண்டில் போட்டியாளனும் உளர். எதிலும் பெயரிடப்படாத ஒரு தரப்பும் உண்டு. அது தூரத்தின் உடைமையாளர். அமெரிக்கத் தொலைபேசிச் சேவையின் மிகப் பெரும்பகுதி, 1984இல் பிரிக்கப்படும்வரை, பெல் அமைப்பு எனப்பட்ட ஒரே பெருநிறுவனத்தின் கையில் இருந்தது. நெடுந்தூர அழைப்பைப் பயனர் தாமே சுழற்றிப் பெறும் முறை 1951இல் நியூ ஜேர்சியின் எங்கிள்வூட் நகரில் தொடங்கி மெல்லவே பரவியது. அதுவரை நெடுந்தூரக் காதல் உரையாடல் ஒவ்வொன்றும் இணைப்பு நிலையத்தில் அமர்ந்திருந்த ஒரு பெண் தொழிலாளியின் கைவழியாகவே நடந்தேறியது. 1947 ஏப்ரிலில் ஏறத்தாழ 3,50,000 தொலைபேசித் தொழிலாளர் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இப்பெண்களே. காதலரை இணைத்த அக்கைகள் ஒருமித்து நின்ற நாட்கள், நாம் எடுத்துக்கொண்ட பாடல்களிலே எதிரொலி எதையும் பெறவில்லை. லைன்மன் தோன்றுகின்றான், ஆயின் தனியனாய்த் தோன்றுகின்றான். அவனுக்குத் துயரம் உண்டு, தோழர் இல்லை. தொழிலாளியைக் காண்பதற்கும் தொழிலாளர் வர்க்கத்தைக் காண்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை இப்பாடல் கடக்கவில்லை.

இவ்வெல்லை கன்ட்ரிப் பாடல் என்ற வடிவத்துக்கே உரியதா? அன்று எனக் காட்டுவதற்கு லொறெற்றா லின் எழுதிப் பாடி 1966இல் வெளிவந்த ‘டியர் அங்கிள் சாம்’ ஒன்றே போதும். கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளான லின், வியட்நாம் போர்க்காலத்தில், கணவனைப் போருக்கு அனுப்பிய பெண்ணின் கடிதமாக இப்பாடலை அமைத்தார். கடிதம் கணவனுக்கு எழுதப்படவில்லை. அவனை எடுத்துச் சென்ற அரசுக்கு எழுதப்பட்டுள்ளது. 1953இன் கடிதத்தில் மறைந்திருந்த மூன்றாம் தரப்பு இங்கே முகவரியாக வெளிப்பட்டுவிட்டது. மறுமொழியும் வருகின்றது. ஆனால் அது தந்தியாக, கணவனின் மரணச் செய்தியாக வருகின்றது. லின் அங்கே போரைக் கண்டிக்கவில்லை, நாட்டுப்பற்றை மறுக்கவுமில்லை. அவ்வளவில் அது ஒரு போர் எதிர்ப்புப் பாடலன்று. எனினும், பிரித்தது யார் என்ற வினாவுக்குப் பாடல் சரியான விடையை அளித்துவிட்டது. அரசியற் பிரக்ஞை குறைந்த இடத்தும் வாழ்வனுபவம் உண்மையை நோக்கி ஒரு படி முன்செல்லக்கூடும் என்பதை இது உணர்த்துகின்றது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, இழந்த காதலின் செய்தி பற்றிய இப்பாடல்கள் இடம்பெயர்வு, கட்டாயப் படைச்சேவை, தனித்த வேலை ஆகியவற்றால் சிதறுண்ட ஒரு வர்க்கத்தின் அனுபவத்தைத் தனிமனித விதியாக மொழிபெயர்க்கின்றன. அம்மொழிபெயர்ப்பு வணிகத்துக்கும் ஆளும் வர்க்கக் கருத்துநிலைக்கும் உகந்தது. இரண்டாவது, அம்மொழிபெயர்ப்பு ஒருபோதும் முழுமை பெறுவதில்லை. சாதனம் என்ற இடத்திலே அது கிழிபடுகின்றது. தபால், தொலைபேசி, கம்பி ஆகியவற்றை எழுதாமல் தூரத்தைப் பாடமுடியாது. அவற்றை எழுதியதும் அரசும் உடைமையும் உழைப்பும் பாடலினுள் நுழைந்துவிடுகின்றன.

கேளாது ஒதுக்கும் விமர்சனம் இக்கிழிசலைக் காண்பதில்லை. கேட்டு உருகும் விமர்சனமோ அதனைத் தைத்து மூடிவிடுகின்றது. அதனைத் திறந்து காட்டுவதே முற்போக்கு விமர்சனத்தின் பணியாகும். நமது திரைப்பாடல்களையும் மெல்லிசைப் பாடல்களையும் அணுகும்போதும் இந்நோக்கு உதவுதல் கூடும். ஒரு பாடலில் அழுபவரின் கண்ணீர் உண்மையா என்பது பயனற்ற வினா. அக்கண்ணீருக்குக் காரணமாகப் பாடல் யாரைக் காட்டுகின்றது, யாரைக் காட்டாது விடுகின்றது என்பதே கேட்கவேண்டிய வினா. உழைக்கும் மக்கள் தமது துயரத்தை இரவல் மெட்டிலேனும் பாடிக்கொண்டே இருப்பர். அத்துயரத்தின் உண்மையான முகவரியை அவர்களோடு சேர்ந்து கண்டறியாத வரையில், நமது விமர்சனம் அவர்களுக்கு ஒருபோதும் சென்று சேராத கடிதமாகவே இருக்கும்.